நாற்பது வருடப் பழைய பங்க் ஆல்பம், புதிதாக அழுத்திய எல்பி: வாங்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு வயது இருபத்திரண்டு, ஊர் வியாசர்பாடி. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரத்து ஹார்ட்கோர் பங்க் (வேகமும் சத்தமும் கூடிய முரட்டு ராக்) குழுவான ஜீரோ பாய்ஸ் 1982-ல் வெளியிட்ட 'விஷஸ் சர்க்கிள்' ஆல்பத்தை போனிலேயே கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அந்தக் காலத்து எல்பி வாங்கக் கட்டுப்படியாகாது. புதிதாக அழுத்திய மறுவெளியீடு கிடைக்கிறது. தபால், சுங்கவரி எல்லாம் சேர்த்தால் நாலாயிரத்தைத் தாண்டுகிறதாம். நண்பர் ஒருவர், "சிடிய பிளாஸ்டிக்ல ஏத்தி விக்கிறானுங்க, ஏமாறாத" என்கிறாராம். வீட்டில் இருப்பது ஆன்லைனில் வாங்கிய சூட்கேஸ் பிளேயர். அப்பா சேர்த்துவைத்த எக்கோ கம்பெனி இளையராஜா ரெக்கார்டுகள் அதில்தான் ஓடுகின்றன. "வாங்கலாமா அண்ணா?" என்று கேள்வி முடிகிறது.

வாங்கலாமா என்பது மேலே தெரிவது. உள்ளே இருப்பது வேறு: அந்தத் தட்டுக்குள் இருக்கும் சத்தம் எங்கிருந்து எடுக்கப்பட்டது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டுபிடித்தாலும் உங்கள் பிளேயரில் அது காதுக்கு வந்து சேருமா. நீங்கள் கேட்காத இன்னொன்றையும் நான் சேர்த்துக்கொள்கிறேன்: நாலாயிரம் ரூபாயில் ஒரு பங்காவது பாடியவர்களுக்குப் போகிறதா என்பது.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிபையர் ரிப்பேர் பார்ப்பவன். கல்யாணத்துக்கும் அம்மன் கோயில் கூழ் ஊற்றும் திருவிழாவுக்கும் மைக் செட் போட்ட காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். இப்போது பாதி வேலை, பழைய தட்டுகளையும் கேசட்டுகளையும் டிஜிட்டலாக மாற்றிக் கொடுப்பது. பெரம்பூரிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் ஆஸ்திரேலியா போன ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் விட்டுச்சென்ற பெட்டிகள் நிறைய என் கையில் வந்திருக்கின்றன. ஜிம் ரீவ்ஸும் கிளிஃப் ரிச்சர்டும் அதில் குவிந்து கிடப்பார்கள். ஹார்ட்கோர் ஒன்றுகூட வந்ததில்லை. 1985 மே மாதத் தீயில் எரிவதற்கு முன்னால் மூர் மார்க்கெட்டில் ராக் எல்பிகள் கிடைத்தன, இதுபோன்ற சரக்கு என் கண்ணில் பட்டதில்லை. அமெரிக்காவிலேயே சிறு கம்பெனிகள் ஆயிரம், இரண்டாயிரம் என்று அழுத்திய தட்டுகள் இவை. வாஷிங்டனின் டிஸ்கார்ட் கம்பெனி 1980 டிசம்பரில் போட்ட முதல் ஏழு அங்குலத் தட்டே ஆயிரம் பிரதிதான். ஆகவே, இந்த இசையை எனக்குக் காட்டிக் கொடுத்தவர்கள் உங்களைப் போல ரிப்பேருக்கு வரும் பையன்கள். என் அனுபவம் எல்லாம் முள்ளின் பக்கம்; தட்டு வெட்டும் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்தவன் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நண்பர் சொன்னது. அதில் பாதி சரி. ஒரு எல்பி எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தால் எந்தப் பாதி என்று புரியும். அலுமினியத் தட்டின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுப் பூசிய லாக்கர் என்ற வட்டில், சூடேற்றிய வெட்டு முள் பள்ளத்தை வெட்டும். அந்த லாக்கருக்கு வெள்ளிப் பூச்சுக் கொடுத்து, மின்முலாம் தொட்டியில் நிக்கல் ஏற்றி, உரித்தெடுத்தால் ஒரு எதிர்ப்பதிவு. அதிலிருந்து தாய்ப்பதிவு, தாயிலிருந்து ஸ்டாம்பர். ஸ்டாம்பரை பிரஸ்ஸில் மாட்டி, சூடான பிவிசி உருண்டையை நடுவில் வைத்து நசுக்கினால் தட்டு. ஒரு ஸ்டாம்பர் சுமார் ஆயிரம் தட்டு தாங்கும், பிறகு மழுங்கிவிடும். இவ்வளவும் பழைய ஆல்பத்துக்கும் மறுவெளியீட்டுக்கும் ஒன்றுதான். வித்தியாசம் முதல் படிக்கு முன்னால் இருக்கிறது: வெட்டும் இயந்திரத்துக்குள் எந்தச் சத்தத்தை அனுப்பினார்கள்? அங்கே டேப் ஓடியிருக்கலாம், டேப்பிலிருந்து எடுத்த நல்ல டிஜிட்டல் கோப்பு ஓடியிருக்கலாம், கடையில் விற்ற சிடி ஓடியிருக்கலாம், யாரோ ஒருவர் வீட்டு எல்பியை ஓடவிட்டுப் பிடித்த நகலும் ஓடியிருக்கலாம்.

இதில் 'டிஜிட்டல்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டும் இயந்திரம், அடுத்த சுற்றில் எவ்வளவு பெரிய சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்த்துத்தான் பள்ளத்துக்குப் பள்ளம் இடைவெளியை வைக்கும். இதற்காக டேப் இயந்திரத்தில் டேப்பைப் படிக்கும் ஹெட் இரண்டு வைத்திருந்தார்கள்: முன்பார்வைக்கு ஒன்று, வெட்டுவதற்கு ஒன்று. 1970-களின் கடைசியில் டிஜிட்டல் தாமதக் கருவி வந்ததும், பல ஸ்டூடியோக்களில் முன்பார்வைக்கு டேப்பின் சத்தமும், வெட்டுவதற்கு டிஜிட்டலாக்கித் தாமதப்படுத்திய சத்தமும் போயின. எண்பதுகளின் 'சுத்த அனலாக்' எல்பிகளில் பல அப்போதே ஒருமுறை எண்களாக மாறித் திரும்பி வந்தவை. 2022-ல் அமெரிக்காவில், ஆடியோ ரசிகர்களுக்கென்றே விலை உயர்ந்த மறுவெளியீடுகள் போடும் ஒரு கம்பெனி, பல வருடங்களாக நடுவில் டிஜிட்டல் படி வைத்துத்தான் வெட்டியது என்பது வெளியே வந்தது. டேப் மட்டுமே என்று நம்பி, காது கூர்மை என்று பெயரெடுத்த விமர்சகர்கள்கூட அதுவரை அந்தத் தட்டுகளைக் கொண்டாடியிருந்தார்கள். நல்ல டேப்பிலிருந்து கவனமாக எடுத்த உயர்தர டிஜிட்டல் கோப்பு என்றால் நான் கவலைப்பட மாட்டேன். மோசமான மூலம், அவசர வேலை, இந்த இரண்டுக்குத்தான் பயப்பட வேண்டும்.

மோசமான மூலம் ஏன் வருகிறது? சின்னக் கம்பெனிகளின் டேப்புகள் பெட்டக அறைகளில் இருப்பதில்லை. டிரம்மர் வீட்டுப் பரணிலோ மூடிப்போன ஸ்டூடியோவின் மூலையிலோ கிடக்கும். டெட்ராய்ட்டின் டெத் என்ற குழு (ஹார்ட்கோருக்கு முந்தைய தலைமுறை, மூன்று சகோதரர்கள்) 1975-ல் பதிவு செய்த பாடல்கள் வீட்டுப் பரணில் இருந்த டேப்பிலிருந்துதான் 2009-ல் முதல்முறை ஆல்பமாக வெளிவந்தன. அது அதிர்ஷ்டம். டேப் கிடைத்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எழுபதுகளின் நடுவிலிருந்து எண்பதுகள் வரை ஸ்டூடியோக்களில் ஓடிய சில வகை டேப்புகளில், குறிப்பாக ஆம்பெக்ஸ் 456-ல், காந்தத் தூளைப் பிடித்துவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். அப்படியே ஓடவிட்டால் கிறீச்சிட்டு, பாட்டை ஹெட்டின் மேல் பழுப்புச் சேறாக உதிர்த்துவிடும். அதற்கு வைத்தியம், சுமார் 54 டிகிரி செல்சியஸ் மிதச் சூட்டில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வைத்து எடுப்பது. பசை சில வாரங்களுக்குத் தாங்கும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கிடந்த டேப்புகளில் இந்தப் பிசுபிசுப்பை நானே பார்த்திருக்கிறேன். இந்த வேலை தெரியாதவர்களும், இதற்குச் செலவு செய்ய மனமில்லாதவர்களும் கையில் கிடைத்த சிடியை எடுத்து வெட்டக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் நண்பர் சொல்லும் தட்டு அங்கே பிறக்கிறது.

உங்கள் ஆல்பத்துக்கு வருவோம். இது கொஞ்சம் கொடுத்துவைத்த ஆல்பம். 1982-ல் நிம்ராட் என்ற சின்னப் பெயரில் வந்தது. 2009-ல் சீக்ரெட்லி கனேடியன் என்ற கம்பெனி மறுவெளியீடு செய்தது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது கனடாக் கம்பெனி கிடையாது. ஜீரோ பாய்ஸின் அதே இண்டியானா மாநிலத்தில், புளூமிங்டன் ஊரில் இருப்பது. குழுவின் பாடகர் பால் மஹர்ன் பின்னாளில் ஒலிப்பதிவுப் பொறியாளராகவும் தயாரிப்பாளராகவும் பெயரெடுத்தவர். சொந்த ஊர்க்காரர்களே எடுத்துப் போட்டது, குழுவின் பாடகருக்கே டேப்பும் ஸ்டூடியோவும் தொழில். இப்படி அமைவது இந்த இசையில் அபூர்வம். எனவே நீங்கள் பார்த்து வைத்திருப்பது அந்தக் கம்பெனியின் தட்டுதான் என்றால் நண்பரின் எச்சரிக்கை இங்கே பெரும்பாலும் பொருந்தாது. 'பெரும்பாலும்' என்கிறேன், ஏனென்றால் ஒரே கம்பெனியின் மறுவெளியீடு வருடங்கள் கழித்துத் திரும்ப அழுத்தப்படும்போது வேறு தொழிற்சாலைக்குப் போகலாம், புதிதாக வெட்டவும் படலாம். கடைக்காரர் போட்டிருக்கும் படத்தில் கம்பெனியின் பெயரும் கேட்டலாக் எண்ணும் தெளிவாகத் தெரியாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

மற்ற ஆல்பங்களுக்கும் பயன்படும்படி, மூலத்தைத் தேடும் வழியைச் சொல்கிறேன். அட்டையில் 'ஒரிஜினல் டேப்பிலிருந்து ரீமாஸ்டர்' என்று அச்சடித்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எந்த டேப், முதல் கலவையா, அதன் மூன்றாவது நகலா என்பதை அந்த வரி சொல்வதில்லை. ஆள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்: மாஸ்டர் செய்தது (வெட்டுவதற்கு முன் கடைசியாக ஒலியைச் சீராக்கியது) யார், லாக்கர் வெட்டியது யார், எங்கே. வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள் பெயரைப் போடுவார்கள். தட்டு கைக்கு வந்ததும், கடைசிப் பாட்டுக்கும் நடு லேபிளுக்கும் இடையில் இருக்கும் வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எண்களும் கையால் கீறிய எழுத்துகளும் தெரியும். வெட்டியவரின் முதலெழுத்து, ஸ்டூடியோவின் முத்திரை, சில சமயம் குழுவின் கேலி வாசகம்கூட இருக்கும். இயந்திரம் அடித்தது போல நீளமான எண்ணும் அதன் வாலில் ஓர் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருந்தால், அது பெரும்பாலும் செக் நாட்டின் ஜிஇசட் தொழிற்சாலையில் பிறந்தது. உலகத்தின் மிகப் பெரிய எல்பி ஆலைகளில் ஒன்று அது, 1951-லிருந்து நடக்கிறது. அங்கே அழுத்தியதாலேயே தட்டு மோசம் என்று பேசுபவர்கள் உண்டு. அவர்களுக்கு அனுப்பப்பட்ட கோப்பு மோசமாக இருந்தால் ஆலை என்ன செய்யும்?

காதால் கண்டுபிடிக்கும் வழியும் ஒன்று உண்டு, இது என் சொந்தத் தொழிலிலிருந்து வருவது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி. பழைய எல்பியில் சத்தமாகத் தொடங்கும் பாட்டுக்குச் சரியாக 1.8 நொடிக்கு முன்னால், அதே தொடக்கம் பேய்க்குரல் போல மெலிதாகக் கேட்கும். பக்கத்துப் பள்ளத்தின் அதிர்வு இந்தப் பள்ளத்தின் சுவரை லேசாகத் தள்ளியிருப்பதால் வருவது. டேப்பிலும் முன்னெதிரொலி உண்டு. அங்கே டேப் சுருளில் ஒரு சுற்று அடுத்த சுற்றைக் காந்தமாக்குவதால், இடைவெளி சுருளின் பருமனைப் பொறுத்து மாறிக்கொண்டே போகும். மறுவெளியீட்டுடன் வரும் டவுன்லோடு கோப்பிலோ அதே கம்பெனியின் சிடியிலோ, பாட்டுக்குப் பாட்டு மாறாமல் 1.8 நொடியில் பேய்க்குரல் கேட்டால், அதன் மூலம் டேப் இல்லை, இன்னொரு எல்பி. அதே மாதிரி டவுன்லோடில் 1.8 நொடிக்கு ஒருமுறை 'டிக்' என்று கேட்டாலும் கீறலோடு சேர்த்து நகல் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது உறுதியான சோதனை. எம்பி3-யிலிருந்து வந்ததா என்பதற்கும் வழி இருக்கிறது: இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் கோப்பைத் திறந்து ஸ்பெக்ட்ரம் பார்த்தால், குறைந்த தர எம்பி3 சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தரித்தது போல நிற்கும். ஆனால் தட்டையே ஓடவிட்டுப் பிடித்த பதிவில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், முள்ளின் இரைச்சல் அந்த இடத்தை நிரப்பிவிடும். எல்பியிலிருந்து நகல் எடுத்து டைனமிக் ரேஞ்ச் (மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் உள்ள இடைவெளி) எண்ணைக் கணக்கிட்டு, "பார், எல்பியில் அதிகம்" என்று சண்டை போடுவதும் அப்படித்தான். அதே மாஸ்டரை வெட்டினாலும் அந்த எண் எல்பியில் கூடுதலாகக் காட்டும். அளவுகோலின் கோளாறு அது.

எல்பியிலிருந்து நகல் எடுத்தது என்பதாலேயே மோசமா? இங்கேதான் நான் பலரோடு வேறுபடுகிறேன். டேப் அழிந்துபோன ஆல்பத்துக்கு, கீறலில்லாத நல்ல பிரதியைத் தேடிப் பிடித்து, சுத்தமாகக் கழுவி, நல்ல கார்ட்ரிட்ஜில் (முள்ளைத் தாங்கி அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) எடுத்த நகல், நாலாவது தலைமுறை டேப்பைவிட மேல். அதை அட்டையில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எண்பதுகளில் வட சென்னையில் சாவு வீட்டிலும் மேடையிலும் பாடிப் பதிவு செய்த கானா கேசட்டுகளை இன்று யாராவது திரும்பக் கொண்டுவர நினைத்தால் வேறு வழியே இருக்காது. என்னிடம் வந்தவற்றில் மாஸ்டர் என்ற மூல டேப் எந்த வீட்டிலும் இருந்ததில்லை. கேசட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

எனக்குப் பெரிய புகார் சுத்தம் செய்வதில் இருக்கிறது. இரைச்சல் நீக்கும் மென்பொருளைக் கையில் எடுத்தவர்களுக்கு நிறுத்தத் தெரிவதில்லை. ஹார்ட்கோரில் கிடாரின் கரகரப்பும் சிம்பலின் தெறிப்பும் ஆம்ப்ளிபையரின் முனகலும் சேர்ந்துதான் பாட்டு. குறைந்த செலவில், சில நாட்களுக்குள், எல்லோரும் ஒரே அறையில் நின்று அடித்த பதிவுகள் இவற்றில் ஏராளம். இரைச்சலை உறிஞ்சினால் அறையும் கூடப் போய்விடும். சிம்பல் தகரத்தை நீருக்குள் தட்டியது போல ஆகும். பிறகு இழந்த வேகத்தைத் திரும்பக் கொண்டுவர ஒலியளவை மேலே மேலே ஏற்றி நசுக்குவார்கள். எல்பியில் அப்படி நசுக்கியதை வெட்டினால் பயன் எதுவும் கிடையாது. பள்ளத்துக்கு ஓர் எல்லை இருப்பதால் பொறியாளர் மொத்தத்தையும் கீழே இறக்கித்தான் வெட்டுவார்; முடிவில் சத்தமும் குறையும், உயிரும் போகும். போனில் கேட்கும் பதிப்பைவிட எல்பி மந்தமாக இருக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால், முதலில் நான் சந்தேகப்படுவது இதைத்தான். இரண்டாவது சந்தேகம் அவருடைய முள்.

அட்டையில் பெரிதாகப் போட்டு விற்கும் மற்ற விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். 180 கிராம் என்பது எடை. பள்ளத்தின் ஆழமும் வடிவமும் 130 கிராம் தட்டிலும் அதேதான். தட்டையாக இருக்கக் கொஞ்சம் உதவலாம், அவ்வளவே. படம் அச்சடித்த பிக்சர் டிஸ்க் சாதாரணத் தட்டைவிட இரைச்சல் அதிகம், இதில் சந்தேகமே இல்லை. கலர் தட்டு கறுப்பைவிட மோசமா என்பதில் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது. நல்ல ஆலையில் அழுத்திய ஒற்றை வண்ணத் தட்டில் எனக்கு வித்தியாசம் கேட்டதில்லை, பல நிறம் தெளித்ததில் சில சமயம் சலசலப்புக் கேட்டிருக்கிறது.

உண்மையிலேயே முக்கியமான ஒன்றை அட்டையில் யாரும் போடுவதில்லை. எல்பியின் வெளி ஓரத்தில் முள்ளுக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள் ஓரத்தில் வெறும் 21 சென்டிமீட்டர். அதே சிம்பல் அடியை உள்ளே பாதிக்கும் குறைவான நீளத்தில் எழுத வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் கரகரக்கிறது. ஹார்ட்கோர் ஆல்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பாட்டுகள் குட்டி, 'விஷஸ் சர்க்கிள்' முழுவதுமே அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்கத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் என்றால் நடு லேபிள்வரை நெருங்காமல் தாராளமாக, சத்தமாக வெட்டலாம். நேரம் குறைவாக இருந்தும் பள்ளம் உள்ளே வெகுதூரம் போயிருந்தால் பொறியாளர் அந்தத் தாராளத்தைச் சத்தத்துக்குச் செலவிட்டிருக்கிறார். ஓரத்திலேயே முடிந்து பெரிய வெற்று வளையம் தெரிந்தால் சத்தத்தைக் குறைத்து ஜாக்கிரதையாக வெட்டியிருக்கிறார். எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. என் காதுக்கு இரண்டாவது வகைதான் கடைசிப் பாட்டுவரை நிற்கிறது.

இனி உங்கள் சூட்கேஸ் பிளேயர். கசப்பாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், முள் செயற்கை நீலக்கல், தட்டின் மேல் அழுத்தும் எடை ஐந்து ஆறு கிராம். நல்ல டர்ன்டேபிளில் காந்தக் கார்ட்ரிட்ஜ் ஒன்றரை முதல் இரண்டரை கிராமில் ஓடும். எடை அதிகம் என்பதால் ஒரே நாளில் தட்டு பாழாகிவிடாது. ஆனால் நீலக்கல் முள் வைரத்தைவிட வெகு சீக்கிரம் தேயும், தேய்ந்த முள் உளி மாதிரி பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். முதலில் போவது மேல் ஸ்தாயி, அதாவது ஹார்ட்கோரில் எது உயிரோ அது. டேப்பா, சிடியா, எல்பி நகலா என்று இவ்வளவு நேரம் பேசிய வித்தியாசங்களில் ஒன்றுகூட அந்தப் பெட்டியின் இரண்டங்குல ஸ்பீக்கரில் தெரியாது. அதைவிட எனக்கு வருத்தம் உங்கள் அப்பாவின் தட்டுகள்தான். எக்கோ பிரதிகள் திரும்ப வரப்போவதில்லை, நல்ல நிலையில் இருப்பவற்றுக்கு இன்று தேடி அலைகிறார்கள். முள்ளை மாற்றும்வரை அவற்றை அதில் ஓட்டாதீர்கள்.

நாலாயிரத்தைத் தட்டில் போடுவதற்கு முன் அதே காசை இங்கே போடுங்கள் என்பேன். பழைய ஜப்பானிய டர்ன்டேபிளோ பிலிப்ஸோ நல்ல நிலையில் கிடைத்தால், பெல்ட் மாற்றி, காந்தக் கார்ட்ரிட்ஜ் போட்டு, சின்ன ஃபோனோ ப்ரீஆம்ப் வைத்தால் போதும். பெல்ட்டும் ப்ரீஆம்புக்கான உதிரிகளும் ரிச்சி தெருவில் கிடைக்கும். ப்ரீஆம்ப் எதற்கு என்றால், 1954-லிருந்து தட்டு வெட்டும்போது கீழ் ஸ்தாயியைக் குறைத்தும் மேல் ஸ்தாயியை ஏற்றியும் வெட்டுகிறார்கள். ஓரங்களில் இந்த வித்தியாசம் இருபது டெசிபல் வரை போகும். அதைத் திருப்பிப் போடுவது ப்ரீஆம்பின் வேலை. இல்லாமல் நேராக மாட்டினால் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த டர்ன்டேபிள் மலிவாக வருகிறது என்றால் ஒரு நிமிடம் யோசியுங்கள். 110 வோல்ட் என்பது டிரான்ஸ்பார்மரில் தீரும். ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை நம்பிச் சுற்றும் பழைய மோட்டார் அங்கே 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. நம் 50 ஹெர்ட்ஸில் 33⅓-க்குப் பதிலாக நிமிடத்துக்கு 27.8 சுற்றுத்தான் சுற்றும். உலகத்தின் வேகமான இசையை வாங்கி ஒப்பாரியாகக் கேட்பீர்கள். புல்லியை மாற்ற வேண்டும், அது எல்லா மாடலுக்கும் கிடைக்காது.

அடுத்து, காசு யாருக்கு. இந்த வகை ஆல்பங்களில் திருட்டுப் பதிப்புகள் மிக அதிகம், பார்க்க அசலைப் போலவே இருக்கும். நம் 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத்தின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு. 1982-ல் வந்தது 2042 முடியும்வரை யாருக்கோ சொந்தம். பழசுதானே, யார் வேண்டுமானாலும் போடலாம் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். கம்பெனி முகவரி இல்லாத அட்டை, பதிப்புரிமை வரி இல்லாத லேபிள், 'முந்நூறு பிரதி மட்டும்' என்ற கூவல், இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் நான் தொடமாட்டேன். அதற்காக அசல் கம்பெனி என்றாலே குழுவுக்குப் பணம் போய்ச் சேரும் என்றும் சொல்லிவிட முடியாது. டெட் கென்னடிஸ் என்ற அமெரிக்கப் பங்க் குழுவின் மற்ற உறுப்பினர்கள், தங்கள் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் கம்பெனியே ராயல்டி பாக்கி வைத்தது என்று வழக்குப் போட்டு 2000-ல் ஜெயித்தார்கள். கூட்டாளிகள் சேர்ந்து நடத்திய கம்பெனியிலேயே இந்தக் கதை. குழுவே தன் பக்கத்தில் நேரடியாக விற்கிறதா, இல்லை, எந்தக் கம்பெனியின் தட்டைக் கைகாட்டுகிறது என்று பார்ப்பதுதான் வெளியிலிருந்து நம்மால் முடிந்தது.

அசல் 1982 பிரதிக்காக ஏங்குவதை விட்டுவிடுங்கள். அந்த விலை அபூர்வத்துக்கான விலை, சத்தத்துக்கானது கிடையாது. சின்னக் கம்பெனிகள் கிடைத்த ஆலையில், கிடைத்த நேரத்தில் அழுத்திய தட்டுகள் அவை. துளை நடுவில் விழாதவை, பள்ளம் முழுதாக நிரம்பாதவை எல்லாம் சகஜம். முதல் பிரதியில்தான் அந்தக் காலத்துச் சத்தம் இருக்கிறது என்பதும் எப்போதும் உண்மையாகாது. பேட் பிரெய்ன்ஸ் என்ற ஹார்ட்கோர் குழுவின் முதல் ஆல்பம் 1982-ல் கேசட்டாக மட்டுமே வந்தது. எல்பி எல்லாமே பிறகு வந்தவை. அங்கே அசல் வேண்டுமென்றால் டேப் டெக் வாங்க வேண்டும்.

ஆக என் பதில்: அது சீக்ரெட்லி கனேடியன் பிரஸ்ஸிங் என்று உறுதியானால் வாங்குங்கள், ஆனால் முதலில் பிளேயர், பிறகு தட்டு. அதுவரை குழுவுக்குக் காசு போகும் இடத்தில் டவுன்லோடு வாங்கி நல்ல ஹெட்போனில் கேட்டால் எதையும் இழக்க மாட்டீர்கள். தட்டு வந்த அன்றே கவரைப் பிரித்து, கண்ணாடி மேசையில் வைத்து வளைவு பாருங்கள். சென்னை மே மாத வெயிலில் கூரியர் வேனில் ஒரு மதியம் கிடந்தாலே தட்டு வளைந்துவிடும், ஆகவே முடிந்தால் ஆர்டரையே ஆடிக்குப் பிறகு போடுங்கள். ஓடவிட்டு, முள்ளின் கை ஒவ்வொரு சுற்றுக்கும் இடவலமாக ஆடுகிறதா என்று கவனியுங்கள். ஆடினால் துளை நடுவில் இல்லை, நீண்ட கிடார் ஒலிகள் அலைபாயும். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். காசிமேடு, ராயபுரம் பக்கம் வீடுகளில் கடற்காற்றின் ஈரத்தால் அட்டையில் பூஞ்சை ஏறி உள்ளே தட்டுக்கும் பரவுவதை நிறையப் பார்க்கிறேன். வியாசர்பாடியில் கொஞ்சம் குறையலாம், மழைக்காலத்தில் தப்பாது. இறுக்கமான பிளாஸ்டிக் வெளியுறையைக் கழற்றி எறியுங்கள், நிற்கவைத்து அடுக்குங்கள், வெளிச்சுவரை ஒட்டி வேண்டாம். பூஞ்சை வந்தால் டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோபுரோபைல் ஆல்கஹால் கலந்து, மெத்தென்ற துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம். தாத்தா காலத்து 78 வேகத் தட்டுகள் வீட்டில் இருந்தால் அவற்றின் மேல் மட்டும் ஆல்கஹால் படக்கூடாது; அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.